திடுக்கிடத் தெரியாத வகுப்பு

நான் சினிமாவில் நடித்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்றுவரை நின்றபாடில்லை. எந்தப் படம், என்ன வேஷம், எத்தனை நிமிஷம் என்று துருவித் துருவிக் கேட்டார். படத்தின் பெயரைச் சொன்னால் அவருக்கு மட்டுமல்ல, தமிழ்நாட்டில் யாருக்குமே தெரியாது. எங்கள் பக்கம் மூன்றே நாள்தான் ஓடியது. ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன, நடித்தது நடித்ததுதான். அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற வழியில், ஆமத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காலாண்டு லீவு விடுவதற்கு முந்தின நாள் தலைமையாசிரியர் பிரேயரில் வந்து நின்று, நம் பள்ளிக்கூடத்தில் சினிமா எடுக்கப் போகிறார்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் லீவில் யாரும் வெளியூர் போகக் கூடாது என்றார். எதற்குமே அடங்காத எங்கள் வகுப்பு அன்றைக்குத்தான் சத்தம் போடாமல் நின்றது. ஏழாம் வகுப்பில் ஒருத்தன், தன்னை மறுபடி ஆறாம் வகுப்பில் சேர்க்கச் சொல்லி ஆபீஸ் ரூம் வாசலில் அழுதான். எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாவலைத்தான் படமாக எடுத்தார்கள். இலங்கையில் சண்டைக்கு நடுவில் படகேறி வந்த ஒரு சின்னப் பிள்ளை, இங்கே முகாமில் தங்கி, புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, பேச்சும் பிடிபடாமல் பழக்கமும் தெரியாமல் தட்டுத்தடுமாறி இந்த ஊரோடு ஒட்டிக்கொள்கிற கதை. டைரக்டர் அந்தப் புத்தகத்தைக் கையைவிட்டு இறக்கவே மாட்டார். பக்கத்துக்குப் பக்கம் கலர் கலராகச் சீட்டு ஒட்டியிருக்கும். சாப்பிடும்போதும் தொடையில் வைத்திருந்தார். எங்கள் ஊர்ப் பெண்கள் அவருக்குப் புஸ்தகக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அகதிப் பிள்ளையாக நடிப்பதற்குச் சென்னையிலிருந்து ஒரு பிள்ளையைக் காரில் கூட்டிவந்திருந்தார்கள். ஆனால் எங்கள் வகுப்பிலேயே நிஜ அகதிப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். என் பெஞ்சுதான். பெயர் தர்சிகா. கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருந்த முகாமிலிருந்து நடந்து வருவாள். அம்மாவோடும் தம்பியோடும் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்களோடு சேர்ந்து ‘அம்புட்டுத்தான்’ ‘இங்கன’ என்றெல்லாம் பேசப் பழகியிருந்தாள். கோபம் வந்தாலோ நெஞ்சிலிருந்து ஏதாவது சொல்ல வந்தாலோ மட்டும் அவள் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

முதல் நாள் தொப்பி போட்ட ஓர் அண்ணன் வந்து எங்களுக்குக் காட்சியை விளக்கினார். வகுப்பில் பாடம் நடக்கிறது. வெளியே கோயில் பொங்கலுக்கு வெடி போடுகிறார்கள். சத்தத்தில் வகுப்பே திடுக்கிடுகிறது. அகதிப் பிள்ளை குண்டு விழுந்துவிட்டது என்று நினைத்து அலறிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போகிறாள். பக்கத்தில் இருக்கிற பிள்ளையும் பயந்து அலறுகிறாள், ஆனாலும் அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள்.

“பக்கத்துல உட்கார்ற பொண்ணுக்கு மட்டும் முகம் பெரிசாத் தெரியும். மத்தவங்களுக்கெல்லாம் தலைதான்” என்றார் அந்த அண்ணன்.

அவ்வளவுதான். நாற்பது பிள்ளைகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அந்த நிமிஷத்திலிருந்து அந்தப் பக்கத்து இடம் எனக்கே எனக்கு என்று நான் முடிவு செய்துவிட்டேன். ஏனென்றால் அந்த வெடிக்குப் பொறுப்பே என் மாமாதான். அம்மாவுடைய தம்பி, பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அன்றைக்கென்று கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் பையோடு பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெளியே மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சீசனுக்கு முன்னால் வெளியூர் வியாபாரிகள் சரக்குப் பார்க்க வருவார்கள். கம்பெனிக்குப் பின்னால் பொட்டலில் ஒவ்வொரு ரகத்திலும் ஒன்றிரண்டை வெடித்துக் காட்டுவார்கள். சாயங்காலமானால் எட்டத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். கண்ணை மூடிக்கொண்டு, இன்ன ரகம், இன்ன அளவு, திரி இப்படி என்று சொல்லிவிடுவோம். யார் முதலில் சொல்வது என்பதில்தான் போட்டி. பாவம், புத்தகம் எழுதினவருக்கும் இது தெரியாது, படம் எடுக்க வந்தவருக்கும் தெரியாது.

ஆக்‌ஷன் என்றார் டைரக்டர். வெளியே மாமா திரியைக் கிள்ளிப் பற்றவைத்தார். டமார் என்று வெடித்தது. சென்னைப் பிள்ளை சொன்னபடி அலறிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போனது. நாங்கள் ஒருத்தர்கூட இமைக்கவில்லை.

“அணுகுண்டு” என்றான் கடைசி பெஞ்சில் ஒருத்தன்.

“இல்லலே, இது லட்சுமி வெடி. அணுகுண்டுன்னா சன்னல் அதிரும்” என்றான் இன்னொருத்தன்.

“திரி நமுத்திருக்கு. பத்தவச்சு எம்புட்டு நேரங்கழிச்சு வெடிக்கி பாரு” என்றேன் நான். நடிக்க வந்தவள் நானே இப்படி.

தர்சிகா மட்டும் கையைத் தூக்கினாள். “ரெண்டு வெடிச்சது சார். ஒண்டு கிட்ட, மற்றது தூர.” யாருக்கும் இரண்டு கேட்கவில்லை. தெருமுக்கில் இன்னொன்று வைத்திருந்ததாக மாமா பிறகு ஒத்துக்கொண்டார். அவருக்கு அது ஒரு பொருட்டாகப் படவில்லை. நமுத்த திரி என்றதுதான் பட்டது. சன்னல் வழியே, சுவருக்கு மேலே, அவருடைய முகம் சிவந்துபோய்த் தெரிந்தது.

“ஏலே, எவன்லே எஞ் சரக்கை நமுத்துப்போச்சுன்னு சொன்னது?”

டைரக்டர் கட் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தால் நெற்றியில் தட்டிக்கொண்டார். மத்தியானத்துக்குள் ஐந்து தடவை எடுத்தார்கள். ஐந்து தடவையும் நாங்கள் சரியான விடை சொன்னோம். நாலாவது தடவை மாமா ரோஷத்தில் வைத்த வெடியில் மேலேயிருந்து காரை பெயர்ந்து கரும்பலகையில் விழுந்தது. வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது.

“நாளைக்குக் காலைல ஒவ்வொருத்தராப் பார்ப்பேன். யார் நல்லாத் திடுக்கிடுறீங்களோ அவங்கதான் பக்கத்துல” என்று சொல்லிவிட்டு டைரக்டர் காரில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போனதும் அடுப்படியில் நின்ற அம்மாவிடம், எனக்குத் தெரியாமல் பின்னால் வந்து சட்டியைக் கீழே போடும்படி கேட்டேன்.

“ஏட்டி, ஒனக்குத் தெரியாமப் போடணும்னு நீயே வந்து சொல்லிக்கிட்டு நின்னா, எப்பிடிட்டி தெரியாமப் போகும்?” என்றாள் அம்மா. அதுவும் சரிதான். அம்மாவை நம்பிப் புண்ணியமில்லை என்று தெரிந்ததும் எனக்கு மூளை வேலை செய்தது. பயப்படுவதைப் பற்றித் தெரிந்த ஆள் பக்கத்திலேயே இருக்கும்போது நான் எதற்குச் சட்டியையும் பானையையும் கட்டி அழ வேண்டும்? கண்மாய்க்கரை வழியாக ஒரே ஓட்டமாக முகாமுக்கு ஓடினேன்.

வரிசை வரிசையாகத் தார் சீட்டுக் கூரை போட்ட வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் போகிற இடம்தான் இருக்கும். தர்சிகாவின் அம்மா வாசலில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தட்டில் வைத்துக் கொடுத்தார். பிட்டைத் தின்றுகொண்டே நான் கேட்டேன்.

“ஏட்டி, அங்கன குண்டு விழுறப்ப நீங்கள்லாம் எப்பிடிப் பயப்படுவீக? ஒருக்கச் செஞ்சு காட்டு.”

ஏதோ டான்ஸ் கற்றுக்கொடு என்று கேட்பதுபோலக் கேட்டேன். அவள் அம்மா மாவு பிசறிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். தர்சிகா என் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குப்புறப் படுத்தாள். முழங்கையை ஊன்றி, நெஞ்சு தரையில் படாமல் தூக்கி, வாயைக் கொஞ்சமாகத் திறந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். நான் காத்திருந்தேன். ஒன்றுமே நடக்கவில்லை.

“பெறகு?” என்றேன்.

“அவ்வளவுதான்.”

“கத்த மாட்டீகளா?”

“கத்தக் கூடாது. கத்தினா அடுத்தது எங்க விழுகுதெண்டு கேக்காது.”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு தூரம் ஓடிவந்து, கடைசியில் இதில் நடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. அவள் எழுந்து பாவாடையில் மண்ணைத் தட்டினாள்.

“அந்த இடம் எனக்கு வேணும். நீ கேக்காத” என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உனக்கு எதுக்கு, நீ என்ன பெரிய நடிகையா என்று கேட்டேன். அவள் சண்டைக்கு வரவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

“அப்பா நெடுகப் படம் பாக்கிற ஆள். எந்த ஊருக்குப் போனாலும் முதல்ல தியேட்டர் எங்கயெண்டுதான் கேப்பார். என்ர முகம் வடிவாத் தெரிஞ்சா, நாங்கள் இங்க இருக்கிறமெண்டு அவருக்கு விளங்கும்.”

அவள் அப்பா கூட இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் இல்லை என்று நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் சொன்னாள். இவர்கள் மூன்று பேரையும் ஒரு படகில் ஏற்றிவிட்டு, இடமில்லை, அடுத்த படகில் வருகிறேன் என்று கரையில் நின்றாராம். அதோடு சரி.

“லெட்டர் போட வேண்டியதுதான” என்றேன்.

“எந்த விலாசத்துக்கு?”

பதில் தெரியாத கேள்வியைக் கேட்பவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. இருந்தாலும் நான் ஒன்றும் அவ்வளவு கெட்டவள் இல்லை. சரி வா, நான் ஒனக்குக் கத்தச் சொல்லித்தாரேன், ரெண்டு பேர்ல யாரு நல்லாக் கத்துறமோ அவங்களுக்கு என்று சொல்லிக் கண்மாய்க்கரைக்கு இழுத்துப்போனேன்.

கரையில் நின்றுகொண்டு நான் அலறிய அலறலில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் சிதறி ஓடின. ஆட்டுக்காரர் கம்பைத் தூக்கிக்கொண்டு, கிறுக்குப் பிடிச்ச கழுதைகளா என்று கரையில் பாதி தூரம் விரட்டினார். எனக்கு ஒரே கொண்டாட்டம். தர்சிகாவுக்குத்தான் வரவில்லை. வாயைத் திறப்பாள், கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணில் தண்ணீர்கூட வரும். காற்றுதான் வரும், சத்தம் வராது. வயித்துலருந்து எடு, ஏட்டி வயித்துலருந்து எடு என்று நானும் முதுகில் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஆறு மணிக்கு முகாமில் ஆள் கணக்கெடுப்பார்கள் என்று அவள் ஓடிவிட்டாள். நான் தனியாக வீட்டுக்கு நடந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவளுக்குக் கத்த வரவில்லை என்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வழியெல்லாம் குதித்துக்கொண்டே போனேன்.

மறுநாள் காலையில் ஒவ்வொருத்தராக முன் பெஞ்சில் உட்காரவைத்து வெடி போட்டார்கள். ஒருத்தன் திடுக்கிடுகிறேன் என்று பெஞ்சிலிருந்து விழுந்து டவுசரைக் கிழித்துக்கொண்டான். ஒருத்தி வெடிப்பதற்கு முன்னாலேயே திடுக்கிட்டுவிட்டாள். மாமா பையைக் காலி செய்துகொண்டே இருந்தார்.

தர்சிகாவின் முறை வந்தது. வெடி வெடித்தது. அவள் தலையை லேசாகச் சாய்த்தாள். பெஞ்சு விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. அப்படியே இருந்தாள். டைரக்டர் காத்திருந்தார்.

“பயப்படும்மா” என்றார்.

“பயந்துதான் சார் இருக்கிறன்” என்றாள்.

வகுப்பு மொத்தமும் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாக நான்தான் சிரித்தேன். டைரக்டர் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பி, அலறினாள்னுதானே இதுல இருக்கு என்று கேமராக்காரரிடம் காட்டினார். அவர் பேசாத மனுஷர். புத்தகத்தைப் பார்க்காமல் தர்சிகாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது நான். வெடித்ததும் நான் போட்ட கூப்பாட்டில், பத்தியையும் பையையும் கீழே போட்டுவிட்டு மாமா சுவரேறிக் குதித்து ஓடிவந்தார். “ஏத்தா, என்னாச்சு, எங்கன பட்டுச்சு” என்று என் கையையும் காலையும் தடவிப் பார்த்தார். டைரக்டர் இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். இந்தப் பொண்ணு போதும் என்றார்.

தொப்பி அண்ணன் என் பக்கத்தில்தான் நின்றார். அண்ணே, அவளுக்கு இந்த இடம் எதுக்கு வேணும்னு தெரியுமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவர் என் தலையில் ரிப்பனைச் சரிசெய்ய ஆள் கூப்பிட்டார். சிவப்பா பச்சையா என்று கேட்டார்கள். சிவப்பு என்று சொன்னேன்.

அன்றைக்கு நான் நடித்த நடிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. ஏழு தடவை அலறினேன். ஏழு தடவையும் சென்னைப் பிள்ளையைக் கட்டிப்பிடித்தேன். பவுடர் வாசனையோடு இருந்த அந்தப் பிள்ளை, காது போச்சு, கொஞ்சம் மெதுவா என்று என்னிடம் கெஞ்சியது. நான் கேட்கவில்லை. தர்சிகாவை நாலாவது வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்லை.

முடிந்ததும் எங்களுக்கெல்லாம் டீயும் க்ரீம் பிஸ்கட்டும் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். தர்சிகா மட்டும் அரைமணி நேரம் கழித்து வந்தாள். உள்ளே என்ன செய்தாய் என்று கேட்டேன்.

“சும்மா இருக்கச் சொன்னவை. இருந்தனான்.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

எனக்குப் பாவமாக இருந்தது. என் பங்கில் மிச்சமிருந்த ஒரு பிஸ்கட்டை அவளுக்குக் கொடுத்தேன்.

படம் விருதுநகரில் வெளியானபோது பங்குனிப் பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. சனிக்கிழமை மேட்னிக்கு மாமா எங்கள் வகுப்பில் பாதிப் பேரை டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனார். முகாமில் நின்று பேசி, ஆறு மணிக்குள் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்று தர்சிகாவுக்கும் அனுமதி வாங்கிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவள், ஊர் முழுக்க இந்தப் படம் போடுவார்களா, படகில் வருகிறவர்களைக் கொண்டுவந்து வைக்கிற மண்டபம் பக்கமும் போடுவார்களா, இலங்கையில் போடுவார்களா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லா இடத்திலயும் போடுவாங்க என்று அடித்துச் சொன்னேன். எனக்கு என் முகம் எவ்வளவு பெரிசாகத் தெரியும் என்பது ஒன்றுதான் யோசனை. தியேட்டர் வாசலில் மாமா ஒரு முழுச் சரத்தைக் கொளுத்தினார். டிக்கெட் கிழிக்கிறவர் ஓடிவந்து சண்டை போட்டார்.

உள்ளே முக்கால்வாசி கூட்டம். எங்கள் பள்ளிக்கூடம் திரையில் வந்ததும் விசில் பறந்தது. கரும்பலகை வந்தது, பெயர்ந்த காரைகூட வந்தது. அந்தக் காட்சி வந்தது. வெடி வெடித்தது. சென்னைப் பிள்ளை பெஞ்சுக்கு அடியில் போனது. என்னுடைய அலறல் தியேட்டர் முழுக்கக் கேட்டது. ஆனால் நான் எங்கே? ஒரு முழங்கையும் சிவப்பு ரிப்பனும் தெரிந்தன, அதோடு சரி.

அதற்கப்புறம் திரை முழுக்க தர்சிகாவின் முகம் வந்தது. அலறவில்லை, அழவில்லை. தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து, எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு இல்லை, வசனம் இல்லை. அந்த முகம் நின்றுகொண்டே இருந்தது. எங்கள் வரிசைக்குப் பின்னால் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அப்புறம் எங்கள் வகுப்புப் பயல்கள் அடித்த விசிலில் காது அடைத்தது.

எனக்கு வயிறு எரிந்தது. ஏழு தடவை தொண்டை கிழியக் கத்தினது நான். சத்தம் என்னுடையது, முகம் அவளுடையது. சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு இப்படி ஒரு யோகமா? அவளை ஒரு முறை முறைக்கலாம் என்று பக்கத்துச் சீட்டுக்குத் திரும்பினேன்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. சீட்டின் மேல் முழங்காலிட்டு, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். திரை வெளிச்சம் கூட்டத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அதில் கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசைக்கு வந்தாள்.

“ஏட்டி, இங்கன பாரு, ஒம் மூஞ்சிதான் வருது” என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். திரும்பவில்லை. வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் விட்டு வெளியே வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தார்கள். மாமா எங்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஓர் ஆள் குறைந்தது. தர்சிகா கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

“அடுத்த ஆட்டமும் இருப்பமா?” என்று கேட்டாள்.

வந்த ஆட்டத்தையே பார்க்காதவளுக்கு அடுத்த ஆட்டம் எதுக்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆறு மணிக்கு முகாமில் ஆள் கணக்கெடுப்பார்கள் என்பது எனக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதா? பஸ் போயிரும், வாடி என்று கையைப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டாள்.